கரும்பலகையில் மாதிரிப் படம் வேண்டாம்

தொடக்கக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரத்துப் பிள்ளை ஒன்றிடம் தாளைக் கொடுத்து 'இயற்கைக் காட்சி வரை' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரமாக ஒரு வீடு. அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் மலையே கிடையாது, பனையும் கருவேலமும் கண்மாயும்தான், ஆனால் அவை எதுவும் தாளுக்கு வராது, ஏனென்றால் கரும்பலகையில் டீச்சர் போட்ட மாதிரியில் அவை இல்லை.

இந்தப் 'பார்த்து வரை' பழக்கம் பழசு. 1850ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார், சில ஆண்டுகளில் அதை அரசு எடுத்துக்கொண்டது. லண்டன் சவுத் கென்சிங்டனில் உருவான பாடமுறை இந்திய ஓவியப் பள்ளிகளுக்கும் வந்தது: முதலில் நேர்கோடு, அப்புறம் வளைகோடு, அப்புறம் அச்சுப் படத்தையும் சுண்ணச் சிலையையும் பார்த்து அப்படியே போடுவது, சொந்தமாக யோசிப்பதெல்லாம் கடைசியில், அதுவும் காலம் மிச்சமிருந்தால். கை பழகிய வேலையாட்களை உருவாக்க அது போதும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்கு?

இதைச் சொன்னதும் சிலர், சரி, மாதிரிப் படத்தில் ஆப்பிளை எடுத்துவிட்டுக் கோபுரத்தை வைத்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதுவும் பார்த்து வரைவதுதானே. கோலத்தையும் இப்படிப் பாடமாக்கி, பெண் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டி வைத்து மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

நான் கேட்பது விளையாட்டை. பாண்டி ஆட செங்கல் துண்டால் தரையில் கட்டம் கிழிக்கும் பிள்ளை, கால் எட்டும் தூரத்தைக் கணக்குப் பண்ணித்தான் கிழிக்கிறது. சரியில்லை என்றால் கூட ஆடுகிறவர்களே சண்டை போட்டு மாற்றச் சொல்வார்கள், டீச்சர் தேவையில்லை. தாயக் கட்டம், பனையோலைக் காத்தாடி, களிமண்ணில் செய்யும் அடுப்பும் சட்டியும் எல்லாமே கலைதான். சிக்குக் கோலத்தில் ஒரே கோடு புள்ளிகளைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவது இருக்கிறதே, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970களில் அதைக் கணினி இலக்கணமாக, அதாவது கோலம் உருவாகும் விதிகளாக, எழுதி ஆராய்ந்தார். ஆண் பிள்ளையும் அந்தப் புள்ளிகளோடு மல்லுக்கட்டட்டுமே, தப்புத் தப்பாகப் போட்டால்தான் என்ன.

ஆசிரியர்களின் சிரமம் தெரியாமல் பேசவில்லை. 2012ல் பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை நியமித்தபோதும் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் தொடக்கப் பள்ளியில் ஓவியத்துக்கென்று யார் இருக்கிறார்கள்? தொடக்க வகுப்புகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பாட்டும் பொம்மையும் வகுப்புக்குள் வந்தன, அது நல்லது. அதே தாராளம் ஓவிய வேளைக்கும் கிடைக்கட்டும். இதற்குப் புதுப் பெட்டியோ பயிற்சிக் கையேடோ வேண்டாம். கரித்துண்டு, செங்கல், களிமண், ஓலை, முற்றம் போதும். ஊரில் ஓலை முடைகிற பாட்டியோ மண் வனைகிறவரோ வந்தால் அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, பிள்ளைகள் செய்ததைப் படம் பிடித்து எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றச் சொல்லி உத்தரவு மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் அன்றிலிருந்து டீச்சரே உட்கார்ந்து களிமண் பிசைய ஆரம்பித்துவிடுவார்.