பார்வையற்றவருக்குப் பழைய கணினி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகங்கள் கழித்துப்போடும் கணினிகளைச் சேகரித்துப் பார்வையற்ற மாணவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு யோசனை வந்திருந்தது. அவர்கள் திரையைப் பார்க்கப் போவதில்லை, குரல் கேட்டால் போதும், எனவே பழைய கணினியே தாராளம் என்று அதில் எழுதியிருந்தார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் உண்மை நேர்மாறானது. பார்வையுள்ளவர் பழைய கணினியை வைத்துக்கொண்டு எப்படியாவது சமாளித்துவிடுவார். திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பானை நம்பி வேலை செய்கிறவரால் அது முடியாது. நானும் பார்வையற்றவன், பார்வையற்றோருக்குக் கணினி சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழையதில் நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் பழகியவர்கள் இன்றைக்கும் அதை நினைத்து ஏங்குகிறார்கள் என்றால் அதற்கு நியாயம் இருக்கிறது. ஆல்ட் அழுத்தினால் மெனு, அப்புறம் எஃப் அழுத்தினால் ஃபைல், ஈ அழுத்தினால் எடிட். எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். குரல் சொல்லி முடிப்பதற்குள் விரல் அடுத்த விசைக்குப் போயிருக்கும். ஆஃபீஸ் 2007 மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பொத்தான் பட்டையைக் கொண்டுவந்தபோது இந்த ஒழுங்கு முதன்முதலாகக் கலைந்தது. விண்டோஸ் 7 வந்த பிறகும் மற்ற இடங்களில் பெரும்பாலும் பழைய வழியே கைகொடுத்தது.

சரி, அதையே வைத்துக்கொண்டால் என்ன? எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் நின்றுபோயின. அதன் பிறகும் கணினி ஓடத்தான் செய்கிறது, ஆனால் திரைவாசிப்பான் அதை விட்டு நகர்ந்துவிட்டது. நம்மில் பெரும்பாலோர் நம்பியிருக்கும் இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் ஓடிய கடைசிப் பதிப்பு 2017.3. விண்டோஸ் 7இல் ஓடிய கடைசி வரிசை 2023.3. குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது.

இதன் விளைவை வகுப்பில் நேரடியாகப் பார்க்கிறோம். ஓர் அலுவலகம் எங்களுக்குக் கொடுத்த கணினிகள் எல்லாம் விண்டோஸ் 7. ஒரு மாணவி தேர்வுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தார். பக்கம் திறந்தது, கட்டங்களும் இருந்தன. டேப் அழுத்த அழுத்த, திரைவாசிப்பான் 'எடிட்', 'எடிட்', 'பட்டன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனது. எந்தக் கட்டம் பெயருக்கு, எந்தக் கட்டம் பிறந்த தேதிக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பார்வையுள்ள அலுவலர் மவுஸை நகர்த்தி ஐந்து நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்தார். அதே படிவம் புதிய கணினியில் ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் சொன்னது. திரைவாசிப்பான் திரையில் தெரிவதைப் பார்த்துப் படிப்பதில்லை. இது என்ன, இதன் பெயர் என்ன, தேர்வாகியிருக்கிறதா இல்லையா என்று உலாவியிடம் கேட்டுத்தான் நமக்குச் சொல்கிறது. இன்றைய தளங்கள் இந்த விவரங்களைத் தரும் முறை பழைய உலாவிக்கும் பழைய திரைவாசிப்பானுக்கும் பல இடங்களில் பிடிபடுவதில்லை.

வேகமும் ஒரு காரணம். நினைவகம் குறைந்த கணினியில் விசையை அழுத்தினால் குரல் தாமதித்து வரும். அழுத்தியது பதியவில்லையோ என்று மறுபடி அழுத்துவோம், கட்டம் இரண்டு தாண்டிப் போயிருக்கும்.

புதிய இயங்குதளங்கள் தந்த பெரிய கொடை எது என்று கேட்டால், விண்டோஸை நாமே நிறுவ முடிவதைத்தான் சொல்வேன். எக்ஸ்பி காலத்தில் கணினி கெட்டுப்போனால் பார்வையுள்ள ஒருவர் வந்து உட்காரும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது நிறுவும்போதே கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், விண்டோஸோடு சேர்ந்தே வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கிவிடுகிறது. அந்த நரேட்டரும் பழைய நரேட்டர் இல்லை. எக்ஸ்பியில் அதைத் திறந்தால், இது மிகக் குறைந்த வசதிதான், அன்றாட வேலைக்கு வேறு திரைவாசிப்பான் தேவைப்படும் என்று அதுவே அறிவிக்கும். விண்டோஸ் 10இல் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலும் கிடைத்தது. எக்ஸ்பியில் ஓடிய கடைசி என்விடிஏ பதிப்பு என்றேனே, அந்த 2017.3இல்தான் விண்டோஸ் 10இன் புதிய குரல்களைப் பயன்படுத்தும் வசதியும், படத்துக்குள் இருக்கும் ஆங்கில எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதியும் வந்தன. எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு இவை இரண்டுமே கிட்டவில்லை.

விண்டோஸ் 11இலும் எரிச்சலூட்டும் விஷயங்கள் உண்டு. ஒரு கோப்பின் மேல், மவுஸின் வலது கிளிக்குக்கு இணையான அப்ளிகேஷன்ஸ் கீயை அழுத்தினால் முன்பு முழு மெனுவும் வந்தது. இப்போது சுருக்க மெனு வருகிறது, பழகிய பலவும் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் ஒளிந்துகிடக்கின்றன. அது போதாதென்று, 2024இலிருந்து வரும் லேப்டாப்கள் பலவற்றில் அந்த அப்ளிகேஷன்ஸ் கீயையோ வலப்பக்கக் கண்ட்ரோலையோ எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டுக்கு ஒரு விசையை வைத்திருக்கிறார்கள். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே வாழ்கிறவர்களிடமிருந்து ஒரு விசையைப் பிடுங்கும்போது எங்களை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அதில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் எங்கள் மாணவர்கள் போய்ச் சேரும் வங்கியிலும் அலுவலகத்திலும் இருப்பது விண்டோஸ்.

விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத கணினிகள்தான் இப்போது அலுவலகங்களில் கழிபடுகின்றன, நன்கொடையாக வரப்போவதும் அவைதான். கொடுக்க நினைப்பவர்கள் முதலில் அதில் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். நினைவகம் 8 ஜிபி, எஸ்எஸ்டி வட்டு இரண்டும் இருந்தால் குரல் இழுக்காது. பத்துப் பழைய கணினிக்குப் பதில் இப்படி மூன்று கொடுத்தாலும் எங்களுக்கு அது மேல்.

இன்னொன்று. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். சில கணினிகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்க பயாஸ் திரைக்குள் போக வேண்டும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் திரை என்பதால் அங்கே எந்தத் திரைவாசிப்பானும் பேசாது. அந்த வேலையை மட்டும் உங்கள் அலுவலகத்திலேயே முடித்துக் கொடுத்துவிடுங்கள். மீதியை நாங்களே நிறுவிக்கொள்வோம்.

இப்படிக்கு,
பார்வையற்ற கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி.