மன்றும் மன்றாட்டும்

அன்பு நண்பருக்கு, வணக்கம்.

பேத்திக்குக் காது குத்திய செய்தி அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணன் விட்டுச்சென்ற நிலத்துக்குப் பட்டா மாற்றும் அலைச்சல்தான் குறையவில்லை. சென்ற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, வாசலில் வேப்பமரத்தடியில் மனு எழுதித் தருபவர், நான் சொல்லாமலே, 'தங்கள் பாதம் பணிந்து மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துவிட்டார். பாதம் பணிவதை அடித்து நீக்கச் சொன்னேன். மன்றாடுவதை என்ன செய்வது என்று வீடு வரும்வரை யோசனை.

இரப்பவன் உயர்ந்தோனிடம் 'ஈ' என்றும், ஒத்தவனிடம் 'தா' என்றும், தாழ்ந்தவனிடம் 'கொடு' என்றும் கேட்பான் எனத் தொல்காப்பியம் தரம் பிரித்து வைத்திருக்கிறது. மன்றாடு அந்த வரிசையில் பிறந்த சொல் அன்று. மன்று என்பது ஊர் கூடும் பொதுவிடம். புறநானூற்றின் மன்ற வேம்பும் மன்றப் பலவும் அங்கே நின்ற மரங்கள்தாம். வழக்காடு, சொல்லாடு என்பவற்றில் வரும் அதே 'ஆடு' இதிலும் சேர்ந்து, வழக்குடையவன் ஊரார் முன் நின்று தன் பக்கத்தை எடுத்துரைப்பதைக் குறித்தது. தீர்ப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் முன் குரல் தாழ்வது இயல்பு; அந்தத் தாழ்வே நாளடைவில் சொல்லின் பொருளாகிவிட்டது என்பது என் கணிப்பு. பாண்டியன் அவையில் கண்ணகி செய்தது பழைய பொருளில் மன்றாடலே. ஆனால் 'கண்ணகி மன்றாடினாள்' என்று இன்று எழுதினால், சிலம்பேந்தி நின்றவளைக் காலில் விழவைத்தது போலாகிவிடும்.

கத்தோலிக்கத் திருப்பலியில் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்னும்போது புதிய பொருள்தான் ஒலிக்கிறது. இலங்கையிலோ பழைய பொருள் அரச ஆவணங்களிலேயே உயிரோடு இருக்கிறது: அங்கே நீதிமன்றத்தை இன்றும் 'மன்று' என்கிறார்கள்; சட்டமா அதிபருக்கு (அட்டர்னி ஜெனரல்) அடுத்த நிலையில் உள்ள அரச வழக்கறிஞருக்கு (சொலிசிட்டர் ஜெனரல்) 'மன்றாடியார் நாயகம்' என்று பதவிப் பெயர். அவர் யாரிடமும் கெஞ்சுவதில்லை, அரசுக்காக வழக்காடுகிறார்.

வரும் திங்களும் நான் போக வேண்டியிருக்கிறது. அதே மரத்தடியில் அவரே எழுதட்டும். பாதத்தை மறுபடியும் அடித்துவிடுவேன், 'மன்றாடி' இருக்கட்டும்.

என்றும் அன்புடன்,
தங்கள் நண்பன்