நெட்டைக்கு அரை டிக்கெட் எழுதுவது

பெரம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள நெட்டை,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் நலமாகத்தான் இருக்கும். இல்லையென்றால் தங்கச்சி எனக்கு ஃபோன் பண்ணியிருக்கும். தினமும் நீ அனுப்பும் காலை வணக்க ரோஜாப்பூ, சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய்த் தண்ணீர், எல்லாம் வந்து சேர்கிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இப்போது சொல்லப்போவதை வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஊர்ச் செய்தி சுருக்கமாக: மழைக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போல நிரம்பியது. மாஸ்டர் வீட்டம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நம்ம 'டபுள் டிரிபிள்' தாத்தா ஆகிவிட்டான்; இதைச் சாக்காக வைத்து அவனுக்கு ஃபோன் போட்டுவிடாதே, ஒரு மணி நேரம் போய்விடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை பெண் உனக்கு ஞாபகம் இருக்கும். போன பொங்கலுக்கு நீ சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே உன் தட்டிலிருந்து மெதுவடையை எடுத்துக்கொண்டு ஓடினாளே, அவள்தான். கூடைப்பந்துக் கோர்ட்டிலும் அவளுக்கு அதே வேலை. ஒன்பதாவது படிக்கிறாள், உயரம் 148 சென்டிமீட்டர். நம் சிமெண்ட் கோர்ட்டில் சாயங்காலம் பையன்களோடு ஆடுவாள். ஒரு நெட்டைப் பையன் ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பிவரும் பந்தை, எம்பிப் பிடித்து இறங்குகிறான் என்று வை. பந்தைத் தலைக்கு மேலேயே வைத்திருந்தால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் எவனும் அப்படி வைத்திருப்பதில்லை. கால் தரையைத் தொட்டதும் பந்து மார்புக்கு வரும், அப்புறம் இடுப்புக்கு வரும். அங்கே இவள் கை ஏற்கனவே காத்திருக்கும். மேலிருந்து அடிக்கமாட்டாள், அடித்தால் விசில். கீழிருந்து ஒரு தட்டு, உள்ளங்கையால். பந்து மேலே எழும்பும், அவள் அதற்குள் ஓடியிருப்பாள். பையன் இன்னும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

போன மாதம் அவளை ஒரு தேர்வு முகாமுக்குக் கூட்டிப்போனேன். எந்த முகாம் என்று கேட்காதே, சொன்னால் நீ யாருக்காவது ஃபோன் போடுவாய். காலை ஆறு மணிக்கே வரிசை. சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒவ்வொரு பிள்ளையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். இவள் நின்றாள், குதிகாலைக் கொஞ்சம் தூக்கினாள். அங்கிருந்தவர் ஸ்கேலால் முட்டியில் லேசாகத் தட்டி இறக்கினார். கோடு எங்கேயோ இருந்தது. "அடுத்த வருஷம் வாம்மா" என்றார். அவ்வளவுதான். பந்தை அவள் கையில் கொடுக்கவே இல்லை, நெட்டை. கொடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருந்தால் நான் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதமாட்டேன்.

அன்றிலிருந்து கோர்ட்டுப் பக்கம் வருவதில்லை. என் தங்கைக்கு உள்ளுக்குள் நிம்மதி, மேத்ஸ் டியூஷனில் சேர்த்துவிட்டாள்.

நானும் ஒருநாள் வலியப் போய் உட்கார்ந்து அவளுக்கு அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடிய மக்ஸி போக்ஸ் கதையைச் சொன்னேன். சிரிக்காதே. ஓட்டேரி சலூன் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த படம் ஞாபகம் இருக்கிறதா? 7 அடி 7 அங்குல மனூட் போலும் 5 அடி 3 அங்குல போக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். அதைப் பார்த்துத்தானே மாஸ்டர் நமக்கு இந்தப் பெயர்களையே வைத்தார். உனக்கு அந்தப் படத்தோடு சரி. நான் இந்த ஒரு மாதமாக அந்த ஆளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, பழைய ஆட்டங்களைப் பார்த்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பால்டிமோரில் லாஃபயெட் கோர்ட் என்ற அரசுக் குடியிருப்பு, நம்ம ஹவுசிங் போர்டு மாதிரிதான். அங்கே 1965 ஜனவரியில் பிறந்தவன். ஐந்து வயதில், யாரையோ விரட்டச் சுட்ட துப்பாக்கியின் ரவை கையிலும் காலிலும் பாய்ந்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் அப்பா ஜெயிலுக்குப் போனார். பாதியில் விட்ட பள்ளிப்படிப்பை அம்மா மறுபடி முடித்து வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்தார். டன்பார் உயர்நிலைப் பள்ளியில் இவன் ஆடிய இரண்டு சீசனிலும் அந்த அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நியூஜெர்சியில் கேம்டன் பள்ளியோடு ஆடப் போனபோது, இவன் களத்தில் இறங்கியதும் கூட்டம் முழுக்கச் சிரித்ததாம். ஆட்டம் முடியும்போது டன்பார் எங்கேயோ முன்னால் இருந்தது.

எல்லோரும் "குள்ளமாக இருந்தும் சாதித்தான்" என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். பழைய ஆட்டத்தைப் போட்டுப் பார், "இருந்தும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. எதிரணி ஆள் பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வருகிறான். பந்து தரையைத் தொட்டு எழும்புகிற அந்த இடத்தில்தான் போக்ஸின் கை இருக்கிறது. ஆறரை அடி ஆள் குனிந்தாலும் அங்கே அவ்வளவு சீக்கிரம் கை போகாது. அதனால் பந்து தட்டுவதில் தேர்ந்த நல்ல நல்ல கார்டெல்லாம் முதுகைக் காட்டித் திரும்பி, பந்தை மறைத்து மறைத்துக் கொண்டுவருவார்கள். அதிலேயே நேரம் போய்விடும். இவன் பந்தைத் தட்டும்போதோ அது முட்டிக்கு மேல் வராது, யார் பிடுங்குவது? 889 ஆட்டத்தில் 6,726 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போடக் கொடுத்த பந்து), 1,369 ஸ்டீல் (எதிராளியிடம் பிடுங்கிய பந்து). ஒரு டர்ன்ஓவருக்கு, அதாவது பறிகொடுத்த ஒரு பந்துக்கு, நாலு அசிஸ்டுக்கு மேல். நீ ஒரு ஆட்டத்தில் எத்தனை தடவை பந்தை எதிராளிக்குத் தானம் பண்ணினாய் என்று மாஸ்டர் நோட்டில் எழுதிவைத்திருந்தார், அதை இங்கே கிளறவில்லை.

எறிகிற பந்தைத் தடுக்கும் பிளாக்கும் செய்திருக்கிறான், மொத்தம் 39. அதில் ஒன்று 1993 ஏப்ரலில் 7 அடி பேட்ரிக் யூயிங் எறியப்போன பந்து. அதையும் பார்த்தேன். எம்பிக் குதித்ததெல்லாம் இல்லை. யூயிங் பந்தைத் தூக்க ஆரம்பிக்கும் இடத்திலேயே கை போய்விட்டது. நம்ம வீட்டு வடைத் திருடி செய்வதும் அதேதான்.

1987-ல், அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில், வாஷிங்டன் புல்லட்ஸ் இவனை 12-ஆவதாக எடுத்தது. அதே வருஷம், அதே முதல் சுற்றில், டன்பார் பள்ளியின் வேறு இரண்டு பேரும் போனார்கள்: ரெஜி வில்லியம்ஸ் 4-ஆவது, ரெஜி லூயிஸ் 22-ஆவது. ஒரே பள்ளியின் மூன்று பையன்கள்! வாஷிங்டனில் ஒரு வருஷம்தான். புதிதாக ஆரம்பித்த ஷார்லட் ஹார்னெட்ஸ் அணி ஆள் பொறுக்க வந்தபோது, காப்பாற்றி வைத்துக்கொள்ளும் பட்டியலில் புல்லட்ஸ் இவன் பெயரைச் சேர்க்கவில்லை. போலும் போக்ஸும் ஜோடியாக ஆடியது அந்த ஒரு வருஷம் மட்டும். நாம் ஆடியதில் பாதிகூட இல்லை.

ஷார்லட்டிலும் முதலில் வந்த கோச் டிக் ஹார்ட்டருக்கு இவன் உயரம் ஒத்துவரவில்லை. அந்தக் கோச் போன பிறகுதான் பந்து முழுசாக இவன் கைக்கு வந்தது. அப்புறம் 1997 வரை அந்த ஊரின் செல்லப்பிள்ளை. லாரி ஜான்சன், அலோன்சோ மோர்னிங், டெல் கரி எல்லோருக்கும் பந்து ஊட்டியவன் இவன்தான். 1993-94 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 10.8 புள்ளி, 10.1 அசிஸ்ட்.

ஒன்று சொல்ல வேண்டும். 1993 ஏப்ரல் 29, ஹார்னெட்ஸ் முதல் தடவையாக பிளேஆஃபில் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்றுகளில்) ஆடுகிறது, பாஸ்டனில், செல்டிக்ஸோடு. எதிரணியின் கேப்டன் ரெஜி லூயிஸ், டன்பார் ரெஜி லூயிஸ்தான். ஆட்டத்தின் நடுவில் கோர்ட்டிலேயே சரிந்து விழுந்தான். அந்தச் சுற்றை ஹார்னெட்ஸ் ஜெயித்தது. ஜூலையில் பயிற்சியின்போது மறுபடி விழுந்தான், எழவில்லை. இதயம். வயது 27. 6 அடி 7 அங்குலம். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் பந்து தட்டியவன் எதிர்ப்பக்கச் சட்டையில் கண்முன்னே விழுவதைப் பார்த்துவிட்டு, இவன் மிச்ச ஆட்டத்தை எப்படி ஆடினான் என்று தெரியவில்லை. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அம்மாவை மூலக்கடையில் பார்த்தேன். உன்னைக் கேட்டார்கள்.

சரி. போக்ஸ் கதையின் மீதி சுருக்கம்தான். முட்டி கெட்டது, 1997-ல் கோல்டன் ஸ்டேட்டுக்கு அனுப்பினார்கள், அப்புறம் டொரண்டோ, 2001-ல் ஆட்டம் முடிந்தது. சில வருஷம் கழித்து ஷார்லட் ஸ்டிங் என்ற பெண்கள் அணிக்குக் கோச்சாக இருந்தான். அந்த அணியே கலைந்துபோனது.

இவ்வளவையும் ஆவேசமாகச் சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் ஒரே கேள்வி: "சரி மாமா, அவருக்கு அப்புறம் அந்த உயரத்தில் யாரு?"

என்ன சொல்வது? 5 அடி 5 அங்குல எர்ல் பாய்கின்ஸைச் சொன்னேன். 1986-ல் பந்தைக் கூடைக்குள் அறையும் டங்க் போட்டியில் ஜெயித்த ஸ்பட் வெப்பைச் சொன்னேன். அவன் போக்ஸைவிட நல்ல உயரம், இருந்தாலும் சொல்லிவைத்தேன். விரலை மடக்கி எண்ணினாள். "அவ்ளோதானா?" என்றாள். அந்த 5 அடி 3-க்கு முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. ஒரே ஒரு ஆளைக் காட்டி ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் ஓடச் சொல்வது?

மறுபடி தேடினேன். நான் ஆம்பளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் ஆடப்போவது பெண்களோடு அல்லவா. டெபி பிளாக் என்று ஒரு பாயிண்ட் கார்டு இருந்திருக்கிறாள், அவளும் ஏறக்குறைய போக்ஸ் உயரம்தான். 2001-ல் அமெரிக்கப் பெண்கள் லீகின் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரர் அவள், முப்பது வயது தாண்டிய பிறகு. ஷானன் பாபிட் அவளைவிடவும் குட்டை, 5 அடி 2. டென்னசி பல்கலைக்கழகத்துக்கு ஆடி 2007, 2008 இரண்டு வருஷமும் சாம்பியன். இதைச் சொன்னபோது எங்கள் வீட்டு மகாராணி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "வீடியோ இருக்கா?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. ஆனால் என் ஃபோனை வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது உன்னிடம் வருகிறேன். கோபப்படாமல் படி.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நீ வேலைக்கு உள்ளே போனாய், நான் ஹார்பரில் கிளியரிங் ஏஜெண்டிடம் பில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. முப்பது வருஷம் சுங்கக் கட்டடப் படி ஏறி இறங்கியதில் முட்டி உன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நம் இரண்டு பேரில் யார் நன்றாக ஆடினோம் என்று உனக்குத் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். அதைப் பேசவில்லை. நீ வேலையில் இருந்த காலத்தில் உங்கள் டிபார்ட்மெண்டுக்கு ஆள் எடுக்கப் பல தடவை உட்கார்ந்திருக்கிறாய். அப்போது சுவரோரம் நின்ற குட்டைப் பிள்ளைகளை நீ என்ன செய்தாய்? சும்மா குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். உயரமானவளுக்குப் பந்து தட்டக் கற்றுக்கொடுக்கலாம், பந்து தட்டுகிறவளுக்கு உயரத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது என்று நீ ஒருமுறை சொன்னாய். நியாயமாகத்தான் பட்டது அப்போது. இன்றைக்கும் அதில் பாதி நியாயம் இருக்கிறது, அதுதான் என்னைத் தின்கிறது. பதினான்கு வயதில் ஒரு பிள்ளை எவ்வளவு வளரும் என்று பார்க்கவாவது பொறுக்கக் கூடாதா? பத்து நிமிஷம் ஆடவிட்டுப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். மாமா பாசத்தில் சொல்கிறார் என்பாள். நீ சொன்னால் நம்புவாள். நீ நெட்டை, உள்ளே போனவன், தேர்வுக்கு உட்கார்ந்தவன். பொய்யாக எதையும் அளந்துவிடாதே. அவள் ஆடுவதைப் பார். அப்புறம் எது நடக்கும், எது நடக்காது, எந்தக் கதவில் தட்டலாம், எதில் தட்டி வீண் என்று உனக்குத் தெரிந்ததை அவள் முகத்துக்கு நேராகச் சொல். தேறாது என்று பட்டால் அதையும் சொல். என் தங்கைக்கும் அது உபயோகம்.

மழை விட்டதும் ஒரு சனிக்கிழமை கிளம்பி வா. ராத்திரி வியாசர்பாடியில் அத்தோ நூடுல்ஸ் வாங்கித் தருகிறேன், உன் சர்க்கரையை நீ பார்த்துக்கொள். ஞாயிறு காலை கோர்ட்டில் அவளை நிறுத்துகிறேன். நீ கூடைக்கு அடியில் நிற்கும் ஒரு சென்டராக ரீபவுண்டு பிடித்து இறங்கிக் காட்ட வேண்டியிருக்கும், அதனால் பழைய ஷூவை எடுத்து வா. பந்தைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டு வந்தால் உனக்கு நல்லது.

உன்,
அரை டிக்கெட்

பி.கு: டபுள் டிரிபிள் தானும் வருவேன் என்கிறான். பேரன் படத்தை முன்னூறு தரம் காட்டுவான். தேதி முடிவானதும் எனக்கு மட்டும் சொல்.