அவா அறுத்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உணவைக் குறைத்தல், மதுவை நிறுத்துதல், கைப்பேசியைத் தள்ளிவைத்தல் என்று புறக்கட்டுப்பாடுகளைப் பற்றி நிறையவே எழுதப்படுகிறது. ஆனால் விலக்கிய பொருளின்மீது உள்ளத்தில் எஞ்சி நிற்கும் ஏக்கத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பொருளை விட்டவர் ஆசையையும் விட்டுவிட்டார் என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம்.

'அற்றவர் என்பார் அவாஅற்றார்' (குறள் 365) என்ற வள்ளுவர், மற்றவர்களை அந்த அளவுக்குத் துறந்தவர்களாக ஏற்கவில்லை. பரிமேலழகர் உரைவழி நாம் படித்துவரும் வரிசையில் துறவு 35ஆம் அதிகாரமாகவும் அவா அறுத்தல் 37ஆம் அதிகாரமாகவும் இருக்க, இரண்டுக்கும் நடுவே மெய்யுணர்தல் நிற்கிறது. துறந்த புலனின்பப் பொருள்கள்மேலும் பழைய பயிற்சியின் வயத்தால் நினைவு செல்லும் என்றும், அந்நினைவும் பிறவிக்கு வித்தாகும் என்றும் பரிமேலழகர் விளக்குவது, துறவின் படிகளை மிக நுட்பமாக அறிந்தவரின் சொல் என்றே எனக்குப் படுகிறது. புலன்களுக்கு இரை கொடாதவனை விட்டுப் பொருள்கள் அகன்றாலும் அவற்றின் சுவை அகலாது, பரம்பொருளைக் கண்டபின்பே அதுவும் நீங்கும் என்று கீதையும் (2:59) கூறுகிறது.

ஏக்கம் எஞ்சியிருப்பதைக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. விட்டதையே நாள் முழுதும் எண்ணுவது ஒன்று. விடாதவர்களைக் கண்டு எரிச்சல் கொள்வது மற்றொன்று. இந்த எரிச்சலையே நான் உறுதியான அடையாளமாகக் கருதுகிறேன், ஏனெனில் உண்மையிலேயே வேண்டாம் என்றாகிவிட்ட ஒன்றைப் பிறர் துய்ப்பதைக் கண்டு யாரும் வெகுள்வதில்லை. கட்டுப்பாட்டுக்குக் கிடைக்கும் புகழை நாடத் தொடங்கினால், பழைய ஆசையின் இடத்தில் புதிய ஆசை குடியேறிவிடுகிறது. அதை நற்குணம் என்று எண்ணிக்கொள்வதால் களைவது இன்னும் கடினமாகிறது.

இதனால் புறக்கட்டுப்பாடு வீண் என்று சொல்ல வரவில்லை. ஆசை எழுந்த கணத்துக்கும் அதை நிறைவேற்றும் கணத்துக்கும் நடுவே அது ஓர் இடைவெளியைத் தருகிறது. அந்த இடைவெளியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்காமல், இப்பொருளிடம் நான் எதை எதிர்பார்க்கிறேன், தனிமைக்கு மருந்தையா, அச்சத்துக்கு மறதியையா, பிறர் மதிப்பையா, முன்பு கிடைத்தபோது அது நிலைத்ததா என்று கேட்டு, எழும் ஏக்கத்துக்குப் பணியாமலும் அதனைப் பழிக்காமலும் அது தணியும்வரை பார்த்திருக்கப் பழக வேண்டும். நோன்பையும் ஒழுக்கத்தையும் கற்பிக்கும் பெரியவர்கள் இந்த அகப்பயிற்சியையும் சேர்த்தே கற்பிக்க வேண்டுமென்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்