பிடாடரியில் ஒரு மெழுகுவர்த்தி

அன்பு மகளுக்கு,

"நம்ம ஊர் எதுப்பா?" என்று போன மாதம் நீ போனில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. என் தாத்தாவின் கல்லறைக் கல்லில் பெயரும் 1958 என்ற வருடமும்தான் இருந்தன. இப்போது அந்தக் கல்லும் இல்லை. இங்கே சிங்கப்பூரில், பிடாடரி இடுகாட்டில் 1972-க்குப் பிறகு யாரையும் அடக்கம் செய்யவில்லை. 2001 முதல் 2006 வரை எல்லாக் குழிகளையும் தோண்டி எடுத்தார்கள். கிறிஸ்தவப் பகுதியில் மட்டும் ஏறக்குறைய 58,000 கல்லறைகள். அங்கே இன்று அடுக்குமாடி வீடுகள்.

தாத்தாவின் எலும்புகளை எடுக்க அப்பா எழுதிக்கொடுத்த காகிதம் பீரோவில் கிடைத்தது. குழி எண், அடக்கம் செய்த தேதி. அதை எடுத்துக்கொண்டு ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலுக்குப் போனேன். 1888-இல் தமிழர்களுக்காகப் பிரெஞ்சுக் குருக்கள் கட்டிய கோயில். பழைய பதிவேடுகள் எல்லாம் லத்தீனில் இருந்தன. அங்கிருந்த சாமியார் பொறுமையாக விரல் வைத்துப் படித்துச் சொன்னார். தாத்தா பாட்டியின் கல்யாணப் பதிவில் ஊர்ப் பெயர் இருந்தது: காரைக்கால். நம்ம ஊர் அதுதான்மா.

அப்புறம் அடக்கப் பதிவேட்டைப் புரட்டும்போது அவர் விரல் 1943-இல் நின்றது. அதே தகப்பன் பெயர், அதே தாய் பெயர். 'ஃபிலியா' என்று ஒரு சொல். மகள் என்று அர்த்தமாம். வயது இரண்டு மாதம்.

என் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. ஜப்பான்காரன் காலம், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தோம் என்று பாட்டி சொல்வாள். அதற்கு மேல் பேச மாட்டாள்.

ஆனால் நான் பார்த்திருக்கிறேன். கல்லறைத் திருநாளன்று விடியற்காலையிலேயே எங்களை பிடாடரிக்குக் கூட்டிப்போவாள். நாங்கள் லாலாங் புல்லைப் பிடுங்கி, வாளித் தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தேய்ப்போம். ஜெபம் முடிந்ததும் ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் முந்தானையில் மறைத்துக்கொண்டு பாட்டி தனியாக ஓரத்து மரத்தடிக்குப் போவாள். அங்கே கல் இல்லை, சிலுவை இல்லை. வெறும் மண்ணில் நட்டு, காற்று படாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குந்தியிருப்பாள். யாருக்கு என்று கேட்டதற்கு, "கேட்க ஆளில்லாத ஆத்துமாவுக்குடா" என்றாள். நாங்களும் அப்படியே நம்பினோம்.

தாத்தாவின் எலும்புகளை எரித்த சாம்பல், மாடத்தில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் குழந்தைக்காக யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. உரிமை கோராதவர்களின் சாம்பலை இங்கே கடலில் கரைத்துவிடுவது வழக்கம். பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அந்த மரத்தடியைக் காட்டியிருப்பாள். நான் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம் என்று இரண்டு நாளாக மனசு அடித்துக்கொள்கிறது.

பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். பெயரை நீயே படித்துக்கொள். எனக்கு அத்தை முறை, உனக்கு அத்தைப் பாட்டி. நீ போட்டு வைத்திருக்கும் குடும்ப மரத்தில் உன் தாத்தாவுக்கும் சின்னத் தாத்தாவுக்கும் நடுவில் ஒரு கட்டம் போட்டு எழுதிவிடு. நவம்பர் இரண்டாம் தேதிக்கு முன்னால் உனக்கு லீவு கிடைக்குமா என்று சொல்லம்மா.

அன்புடன்,
அப்பா