ஆதிலாபாத்தில் நிற்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் சொன்னதில் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும், பக்கத்தில் அந்தப் பட்டறைக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். அதனால் எழுதி அனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை லாரியை ஸ்டார்ட் செய்யாதே.

ஆயில் பிரஷர் மீட்டரின் முள் விழுந்ததும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினாயே, அது போதும் எனக்கு. ‘அடுத்த பங்க் வரைக்கும் போய்விடலாம்’ என்று நினைத்திருந்தால் இன்று நாம் வேறு பேச்சு பேசிக்கொண்டிருப்போம்.

எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். முள் காட்டுவது நிஜமா என்றே இன்னும் தெரியாதே! முதலில் சமதரையில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார். ஆயில் குறைந்திருந்தால் எங்கே ஒழுகியது என்று தேடலாம். மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால்தான் எனக்குப் பயம். ஆயில் தானாகக் கூடாது. டீசல் ஏற்றும் ஃபீட் பம்ப் வழியாகவோ, சரியாகத் தூவாத நாசில் வழியாகவோ டீசல் இறங்கியிருக்கும். விரலில் தொட்டு முகர்ந்து பார். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு வை. கரும்புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் அகலமாகப் பரவினால் டீசல் கலந்திருக்கலாம். பால் விட்ட காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரண்டில் எது என்றாலும் அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது.

ஆயில் சரியாக இருந்தால், பிரஷர் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், குழாயில் ஆயிலையே வாங்கிக் காட்டும் மீட்டரை நேராக மாட்டச் சொல். ஸ்டார்ட் செய்து சில நொடிகளில் முள் எழவில்லை என்றால் உடனே நிறுத்திவிடு. எழுந்தால் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை விடு. ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.7 கிலோ. இது பட்டறைக் கணக்கு. நம் டாடா 697 எஞ்சின் சூட்டில், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலிங்கில் எவ்வளவு காட்டுகிறது என்று இதோடு ஒப்பிட்டுப் பார்.

அப்புறம் முள் போகும் விதத்தைப் பார். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் இறங்கினால், ஆயில் நீர்த்துவிட்டது, இல்லையென்றால் கிராங்க் தண்டு சுழலும் பேரிங் தேய்ந்துவிட்டது. குளிரிலேயே எழவில்லை என்றால் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் அடைப்பு, பம்ப், மிஞ்சிய பிரஷரை வெளியேவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியது, இவற்றைப் பார்க்க வேண்டும். முள் நடுங்கினால் பம்ப் எங்கோ காற்றை இழுக்கிறது. போன வருடம் எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை மாட்டியபோது பசையை அள்ளித் தடவினார்கள், நான் பக்கத்திலேதான் நின்றேன். அந்தப் பசைத் துணுக்கு ஸ்ட்ரெய்னர் வலையில் போய் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

ஒன்றை மனதில் வை. பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். அது வெளியேற முடியாமல் பேரிங் இடுக்கு தடுப்பதால்தான் பிரஷர் நிற்கிறது. இடுக்கு இரண்டு மடங்கானால் ஆயில் எட்டு மடங்கு வழிந்துவிடும். மயிரிழைத் தேய்மானம் முள்ளை இவ்வளவு இறக்குவது அதனால்தான். ஆகவே ஃபில்டர் எலிமெண்டின் மடிப்பை விரித்து வெயிலில் பார். செம்பு நிறத் துகள் மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடி உலோகம் வந்துவிட்டது. அப்போது நானே வருகிறேன், கிராங்கை லேத்துக்கு அனுப்பிவிடலாம். துகள் இல்லை என்றால் சம்ப்பை மட்டும் இறக்கி, ஸ்ட்ரெய்னரையும் பம்ப்பையும் பார்த்து, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடுகளில் ஒன்றின் கேப்பை மட்டும் திறந்து பேரிங்கைப் பார்க்கச் சொல். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்.

பிரஷரைக் கூட்ட ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்து இறுக்கித் தருகிறேன் என்பார்கள். வால்வு திறக்கும் அளவுக்குப் பிரஷர் எட்டாதபோது அது மூடித்தான் இருக்கிறது; வாஷர் என்ன செய்யும்? கெட்டி ஆயில் ஊற்றினால் முள் ஏறும், ஒப்புக்கொள்கிறேன். 1996-ல் நானும் அப்படித்தான் ஊற்றினேன். முள் நிமிர்ந்து நின்றது, நான் சந்தோஷமாக லோடு ஏற்றினேன். மூன்றாம் நாள் கன்ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. உன் அம்மாவின் வளையல் அந்தப் பிளாக்குக்குத்தான் போயிற்று. இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

லோடைப் பற்றிக் கவலைப்படாதே. ஜவ்வரிசி இரண்டு நாளில் கெட்டுப்போகாது, தார்ப்பாயை மட்டும் இழுத்துக் கட்டிவிடு. நாக்பூர் பார்ட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சூட்டில் ஐடிலிங்கில் எவ்வளவு, ரேஸ் செய்து 1500 ஆர்.பி.எம்.மில் வைத்தால் எவ்வளவு, இரண்டையும் எழுதி அனுப்பு. ஃபில்டர் மடிப்பை போட்டோ எடுத்து அனுப்பு, வெயிலில் எடு. கிளீனர் பையன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்றாயே, முதலில் அவனைக் கூட்டிப்போய் நீயும் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா