ஆவணிக் காற்றும் உப்பு விலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆவணி பிறந்ததிலிருந்து பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை வட்டாரங்களிலிருந்து தருமபுரியில் உள்ள எங்கள் உப்பு, கருவாட்டு மண்டிக்கு வரும் மளிகைக் கடைக்காரர்களும் புளி வியாபாரிகளும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இங்கே சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்கிறதே, உப்பு விலை ஏறிவிடுமா, இப்போதே வாங்கிப் போட்டுவிடலாமா?" என்பது அந்தக் கேள்வி. கடையில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் பாதிப் பதில் சொல்லி அனுப்புவதைவிட, எங்களுக்குத் தெரிந்த வரையில் முழுவதையும் எழுதிவிடுவது நல்லது என்று இந்த மடலை அனுப்புகிறோம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறோம். தருமபுரியில் பெய்யும் ஆவணி மழையைப் பார்த்து உப்பு வாங்க வேண்டாம். நாம் விற்கும் கல்லுப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வருகிறது. இங்கே மழை பெய்யும் இதே வாரங்களில் அங்கே பெரும்பாலும் வெயிலும், மேற்கிலிருந்து வீசும் வறண்ட மேல்காற்றுமே இருக்கும். விலையைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் புரட்டாசியின் பிற்பகுதியில் தொடங்குகிறது. அதற்கு முன் அவசரமும் இல்லை, அதற்குப் பின் தாமதமும் கூடாது.

இதன் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவில் கேரளத்துப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அந்தக் காற்று சூடேறி வறண்டுபோகிறது. முப்பந்தலிலும் கயத்தாறு பக்கத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுவது இந்தக் காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வதும் இதைத்தான். இந்த நான்கு மாதங்களிலும் சேர்த்துத் தூத்துக்குடியில் பெய்யும் மழை சராசரியாகப் பத்து செ.மீ.யைக்கூட எட்டுவதில்லை. அதே நான்கு மாதங்களில் சென்னைக்கு நாற்பது செ.மீ.க்கு மேல் கிடைத்துவிடுகிறது. ஒரே கிழக்குக் கடற்கரைதான் என்றாலும் தெற்கும் வடக்கும் இந்தப் பருவத்தில் வெவ்வேறு ஊர்களாகவே நடந்துகொள்கின்றன.

உப்பு விளைவதற்கு வெயிலைப் போலவே காற்றும் வேண்டும். அடர்த்தி பார்க்கும் மானியில் கடல்நீர் ஏறக்குறைய மூன்று டிகிரி காட்டும். அது பாத்தி பாத்தியாக மாறி, வற்றி, இருபத்தைந்து டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். தூத்துக்குடியில் பல உப்பளங்கள் கடல்நீரைவிட அடர்த்தியான நிலத்தடி உப்புநீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைப்பதால் அவர்களுக்கு இந்தப் பயணம் கொஞ்சம் குறுகியது. எப்படியானாலும், நீரின் மேல் தங்கும் ஈரக்காற்றைத் தள்ளிக்கொண்டே போக வறண்ட காற்று ஒன்று வீசிக்கொண்டிருந்தால்தான் ஆவியாதல் விரைவாக நடக்கும். விளைந்து நிற்கும் பாத்தியில் ஒரு கனமழை விழுந்துவிட்டால் படிந்த உப்பு கரைவதோடு நீரின் அடர்த்தியும் இறங்கி, திரும்ப அந்த நிலைக்கு வரப் பல நாட்களாகும். ஆகையால் வாரத்துக்கு ஒரு மழை என்பது கேட்பதற்குச் சிறியதாக இருந்தாலும், உப்பளக்காரருக்கு அந்த மாதமே வீணாகிவிட்டது என்று பொருள்.

நம் மாவட்டத்திலிருந்தபடியே தூத்துக்குடி நிலவரத்தை ஓரளவு ஊகிக்க ஒரு வழி உண்டு. வயநாட்டிலும் குடகிலும் பருவமழை வலுத்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, ஒகேனக்கலில் பரிசல் ஓட்டத் தடை என்று செய்தி வருகிறதென்றால், மேல்காற்று பலமாக வீசுகிறது என்று கொள்ளலாம். அப்போது தெற்கே உப்பு நன்றாக விளைந்துகொண்டிருக்கும். அணைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சிறு மழைக்கே தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்பதால் இதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஆனாலும், இங்கே பெய்யும் மாலை மழையைவிடக் காவிரி நம்பத் தகுந்த சாட்சி என்பது எங்கள் கருத்து.

கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறான நிலை. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சில சமயம் பருவமழையின் தாழ்வழுத்தப் பள்ளம், அதாவது காற்றழுத்தம் குறைந்த நீண்ட பட்டை, வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தில் போய் ஒண்டிக்கொள்ளும். வட இந்தியச் சமவெளியிலும் மத்திய இந்தியாவிலும் மழை நின்றுபோய், பருவமழை இடைவெளி விட்டிருக்கிறது என்று செய்தியில் சொல்வார்கள். அந்த நாட்களில் மேல்காற்று தளர, தமிழகத்தில் மாலை இடிமழை கூடுகிறது. நமக்கு அது நல்ல மழை. கம்புக்கும் நிலக்கடலைக்கும் கைகொடுக்கும் மழை. அதே நாட்களில் இடிமேகங்கள் உள்மாவட்டங்களில் எழுந்து கிழக்கே கடற்கரை வரை போய், மரக்காணம், வேதாரண்யம் உப்பளங்களை நனைத்துவிடுவதுண்டு. தூத்துக்குடி வரை அவை எட்டுவது குறைவு. விழுப்புரம் கடற்கரையிலிருந்தோ நாகப்பட்டினம் கடற்கரையிலிருந்தோ உப்பு வாங்கும் வியாபாரிகள் ஆவணியிலேயே விலை ஏற்றினால் அதில் நியாயம் இருக்கலாம்; தூத்துக்குடி உப்புக்கு அந்தக் காரணத்தைச் சொல்லி விலை ஏற்றினால், வாங்குகிறவர் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

இனிமேல் வரப்போகும் பருவத்தைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவமழை மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலகத் தொடங்கும் வழக்கமான நாள் செப்டம்பர் 17. அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதத்தில் காற்று திசை மாறி, அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்குவது வழக்கம். இந்த இடைப்பட்ட வாரங்களில் மேல்காற்று ஓய்ந்து, கடலிலிருந்து கொண்டல் என்னும் கீழ்க்காற்று எட்டிப் பார்க்கும். காற்றில் ஈரம் ஏறும். பாத்தியில் உப்பு படிவது மெதுவாகும். உப்பளங்களில் அப்போது வாருவதைவிட, வாரியதை அம்பாரமாகக் குவித்து ஓலையோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடுவதுதான் பெரிய வேலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வேலையே இராது. அதற்காகத்தான் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்குகிறது. தை, மாசியில் பாத்திகளைத் திரும்பச் சீர்செய்து, புது உப்பு சந்தைக்கு வரும் வரை, நாம் எல்லோரும் சாப்பிடுவது அந்த மூடிவைத்த அம்பாரத்து உப்பைத்தான்.

ஆகவே விலை இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. புரட்டாசி முடிவில் எவ்வளவு உப்பு மூடிவைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. அதில் எவ்வளவு மழைக்குத் தப்புகிறது என்பது மற்றொன்று. முதலாவதைப் போய்ப் பார்த்துச் சொல்லிவிடலாம். இரண்டாவதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை அது. தூத்துக்குடி உப்பளங்களில் சேமித்து வைத்திருந்த உப்பு பெருமளவில் கரைந்துபோனது அப்போதுதான்.

எல் நினோ, லா நினா என்று தொலைக்காட்சியில் கேட்டுவிட்டு வந்து விசாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். ஆனால் நம் வடகிழக்குப் பருவமழை கூடும் வாய்ப்பே அதிகம். சென்னை மூழ்கிய 2015-உம், மேலே சொன்ன 2023-உம் எல் நினோ ஆண்டுகள். கடல் குளிரும் லா நினாவின்போது வடகிழக்கு மழை குறைவது வழக்கம். லா நினாவின் சாயல் இருந்த 2016-இல் தமிழகத்தில் அந்த மழை வழக்கத்தைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்து கடும் வறட்சி வந்தது. ஆனால் 2021-உம் லா நினா ஆண்டுதான். அந்த ஆண்டு மழை வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பெய்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, வங்கக் கடலில் உருவாகும் ஒவ்வொரு தாழ்வழுத்தமும் எந்தத் திசையில் போகிறது என்பது எல்லாம் சேர்ந்துதான் கணக்கு முடிகிறது. ஒரே ஒரு பெயரை வைத்து உப்பு மூட்டைகளை அடுக்குவது வியாபாரத்துக்கு ஆகாது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை செப்டம்பர் இறுதியையொட்டி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்கு ஒரு முன்னறிவிப்பை வெளியிடும். அதைப் படியுங்கள், ஆனால் அது தமிழகத்தோடு கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உட்கர்நாடகம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்லும் மொத்தக் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். மொத்தத்தில் வழக்கமான மழை என்று அறிவித்த ஆண்டில்கூடத் தூத்துக்குடியில் இரண்டே நாளில் எல்லாமும் கொட்டிவிடலாம். எங்களுக்கு அந்த மூன்று மாத அறிவிப்பைவிட வாரந்தோறும் வரும் அறிவிப்பே பயன்படுகிறது.

கடற்கரையில் வரும் புயல் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை என்பதை நம் பகுதியிலேயே பார்த்துவிட்டோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்து உள்ளே வந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. தூத்துக்குடியில் பத்திரமாக மூடிவைத்த உப்பை இங்கே கொண்டுவந்து தரையோடு தரையாக அடுக்கிவைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த மழைக்குப் பின் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மழைநீர் படாவிட்டாலும் உப்பு நீர்விடும். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தூய உப்பே ஈரத்தை இழுக்கத் தொடங்கும். மக்னீசியம் கலந்த கசப்பு நீர் வடியாமல் ஒட்டியிருக்கும் புது உப்பு அதற்கு முன்பே கசியும். வாரிய சில நாளிலேயே மூட்டை பிடித்த உப்பைவிட, சில மாதம் அம்பாரத்தில் கிடந்து நீர் வடிந்த உப்பை நாங்கள் விரும்பி எடுப்பது இதனால்தான். அது பார்வைக்குச் சற்று மங்கலாக இருக்கலாம். மழைக்காலத்தில் கையில் ஒட்டாது. கடையிலோ வீட்டிலோ மூட்டைகளை மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். சமையலுக்கு விற்கும் அயோடின் உப்பை மட்டும் அளவாக வாங்குங்கள். ஈரமும் வெயிலும் பட்டால் அயோடின் குறைந்துவிடும், அதை மாதக்கணக்கில் சேமித்துப் பயனில்லை.

புளி வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு சொல். தை முதல் பங்குனி வரை புளி உலுக்கி, கொட்டை நீக்கி, உப்பிட்டுப் பானையிலோ மூட்டையிலோ அடைக்கும் காலத்தில்தான் உங்களுக்கு உப்பு மிகுதியாக வேண்டும். அந்த மாதங்களில் தூத்துக்குடியில் புது உப்பு அப்போதுதான் பாத்தியில் எழத் தொடங்கியிருக்கும். சந்தையில் இருப்பது மழைக்குத் தப்பிய பழைய இருப்பு மட்டுமே. நல்ல மழை பெய்த ஆண்டுக்குப் பின் புளி விளைச்சலும் உப்பு விலையும் சேர்ந்து ஏறுவதை நீங்களே கண்டிருப்பீர்கள். எனவே உங்களுக்கு வேண்டியதில் பாதியையாவது புரட்டாசி முடிவதற்குள் பதிவு செய்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இடமில்லாதவர்கள் எடுத்துப்போக வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்தால் எங்கள் கிடங்கிலேயே வைத்திருந்து, பதிவு செய்த அன்றைய விலைக்கே தருவோம். மளிகைக் கடைக்காரர்கள் மார்கழி வரைக்குமான இருப்பு வைத்துக்கொண்டால் போதும். மாட்டுத் தீவனத்துக்கு வாங்குகிறவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

கருவாட்டு வாடிக்கையாளர்களுக்கும் இந்தக் காற்றே பதில். மன்னார் வளைகுடாவில் மேல்காற்று மணிக்கு 50 கி.மீ.யை நெருங்கும் நாட்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிப்பார்கள், வரத்து குறையும். ஆனால் கிடைத்த மீன் நன்றாகக் காயும். ஐப்பசிக்குப் பின் வரும் கருவாடு ஈரத்தோடு வருவதால், நெத்திலியும் சாளையும் வேண்டுவோர் இப்போதே வாங்கிவிடுவது நல்லது.

எங்கள் பக்கத்து ஏற்பாடு இதுதான். புரட்டாசி கடைசி நாள் வரை இப்போதைய விலையே நீடிக்கும். ஐப்பசி முதல் வாரத்தில், தூத்துக்குடியில் மூடிவைத்த இருப்பை எங்கள் ஆள் நேரில் பார்த்து வந்த பிறகு, புதிய விலைப் பட்டியலைக் கடை வாசலில் ஒட்டுவோம். ஆயுத பூஜை, தீபாவளி நெருக்கத்தில் லாரி வாடகை கூடும் என்பதாலும், மழையில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் பாரவண்டிகள் தேங்குவதாலும், அந்த வாரங்களில் கேட்ட அன்றே சரக்கு தருவதாக வாக்களிக்க முடியாது. மூன்று நாள் முன்னதாகச் சொல்லுங்கள். நனைந்து வந்த மூட்டையை இறக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகத்தார்,
உப்பு, கருவாடு மொத்த வியாபாரம்,
தருமபுரி.